வான்கோழி பதில் சொல்லாத காலை

ஏற்காட்டில் இப்போது விடுதி நடத்துகிற பலர், பின்பக்கத்தில் கம்பிவலை அடித்து அதற்குள் கோழி, வாத்து, வான்கோழி, கினிக்கோழி என்று எல்லாவற்றையும் ஒன்றாக விட்டிருக்கிறார்கள். சேலத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வருகிற குழந்தைகள் தீனி போட்டு விளையாட வேண்டுமாம். நான் ஓய்வு பெற்றபின் என் இடத்துக்கு வந்த கால்நடை ஆய்வாளர் போன மாதம் போனில் கேட்டார்: “அம்மா, எல்லாத்தையும் ஒண்ணா வளக்கலாமான்னு கேக்கறாங்க. சுருக்கமா என்னங்க சொல்றது?”

வளர்க்கலாம். நன்றாக வளர்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்குக் கொட்டச்சேடு கிராமத்துப் பொன்னியின் தோட்டம்தான் நினைவுக்கு வருகிறது. அதைச் சுருக்கமாகச் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பயிற்சியும் முதல் சில வருட வேலையும் கீழே சமவெளியில் கழிந்தன. எல்லாம் பெரிய முட்டைக்கோழிப் பண்ணைகள். ஒரு கொட்டகைக்குள் போனால் ஒரே இனம், ஒரே வயது, ஒரே சத்தம். ஒரு கோழிக்கு என்ன என்று தெரிந்துவிட்டால் கொட்டகை முழுவதற்கும் தெரிந்த மாதிரிதான். மலைக்கு மாற்றல் வந்தபோது, அங்கே பெரிய பண்ணை எதுவும் இல்லை, நிம்மதியாக இருக்கலாம் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். நானும் நம்பித்தான் பஸ் ஏறினேன்.

மலையில் எனக்கு மேலே இருந்தவர் டாக்டர் ஞானசேகரன். அதிகம் பேசாதவர். எந்த வீட்டுக்குப் போனாலும் உடனே உள்ளே நுழைய மாட்டார். வேலிக்கு வெளியே நின்றுகொள்வார். வீட்டுக்காரர்கள் “உள்ள வாங்க சார்” என்று கூப்பிடக் கூப்பிட, “வர்றனுங்க, வர்றனுங்க” என்று சொல்லிக்கொண்டே நிற்பார். நாம் வந்திருப்பதைப் பறவைகள் மறக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ஆள் பக்கத்தில் இருந்தால் சாகப்போகிற கோழிகூடக் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். ஆளை மறந்த பிறகுதான் ஒன்று தனியாக ஒதுங்கும், ஒன்று கண்ணை மூடும், ஒன்று தீனிக்கு வராது.

உள்ளே போன பிறகும் ஒரு வரிசை உண்டு. குஞ்சுகளை முதலில் பார்க்க வேண்டும். அடுத்து நன்றாக இருக்கிற பெரியவை. சீக்கானவை அதற்குப் பிறகு. செத்தது கடைசி. நான் வந்த புதிதில் செத்த கோழியை எடுக்க முதலில் குனிந்தேன். அவர் கையை மட்டும் குறுக்கே நீட்டினார். செத்ததைத் தொட்ட கை குஞ்சுக்குச் சீக்கைக் கொண்டுபோகும் என்று வெளியே வந்து ரப்பர் பூட்ஸைக் கழுவும்போதுதான் சொன்னார். அந்தக் கழுவலும் அவருக்கு ஒரு சடங்கு. அடிப்பாகத்துக் கோடுகளில் இருக்கிற சேற்றை பிரஷ்ஷால் தேய்த்து எடுத்த பிறகுதான் மருந்துத் தண்ணீரில் முக்குவார். “சேத்து மேல மருந்து ஊத்துனா சேறுதாங்க குளிக்கும்” என்பார். சந்தேகப்படும்படி ஏதாவது பார்த்துவிட்டால் அன்று வேறு எந்த வீட்டு வாசலையும் மிதிக்க மாட்டார்.

இன்னொன்றும் அவரிடம் உண்டு. “ஒண்ணும் ஆகாதுங்க” என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. எத்தனையோ பேர் அழுதுகொண்டே கேட்டிருக்கிறார்கள். “பாக்கலாங்க” என்பார், அவ்வளவுதான். இரக்கமில்லாத மனுஷன் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

ஒரு எஸ்டேட் பங்களாவில் வான்கோழிகள் மஞ்சள் மஞ்சளாகக் கழிந்து ஒவ்வொன்றாகச் செத்தன. அதே இடத்தில் மேய்ந்த நாட்டுக்கோழிகளுக்கு ஒன்றுமே இல்லை. அதனால் கோழிகளை விட்டுவிட்டு வான்கோழித் தீனியைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள். டாக்டர் ஒன்றை அறுத்துக் கல்லீரலைக் காட்டினார். வட்ட வட்டமாகப் புண். கோழிகளின் குடலில் இருக்கிற புழுவின் முட்டை மண்ணில் விழுந்து, அந்த மண்ணைக் கிளறுகிற வான்கோழிக்கு இந்த நோயைக் கொடுக்கிறது; கோழியைப் பெரும்பாலும் அது ஒன்றும் செய்வதில்லை என்று விளக்கினார். திரும்பி வரும்போது என்னிடம் சொன்னார்: “பல சாதிப் பறவை ஒண்ணா இருக்கிற எடத்துல சீக்கு வந்ததை மட்டும் பாத்தாப் போதாதும்மா. சீக்கு வராம நிக்குது பாருங்க, அதையும் பாக்கோணும்.”

பொன்னிக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். புருஷன் காபி எஸ்டேட்டில் வேலை. அவளும் பழம் பறிக்கப் போய்க்கொண்டிருந்தவள்தான். பிறகு அதை விட்டுவிட்டு, வீட்டை ஒட்டிய சரிவில் கோழிகளும் கினிக்கோழிகளும் வளர்த்து ஏற்காட்டு விடுதிகளுக்குக் கொடுத்து வந்தாள். ஒரு ஜோடி வான்கோழியும் உண்டு. அடைக்கோழியின் கீழ் முட்டை வைத்து அவளே பொரிக்க வைத்தவை. அந்தச் சேவலுக்கு ஒரு வழக்கம். எந்த வண்டி ஹாரன் அடித்தாலும் கழுத்தை நீட்டிக் களகளவென்று பதில் கொடுக்கும். டாக்டர் வளைவில் ஹாரன் அடித்ததும் தோட்டத்திலிருந்து பதில் வரும். “உங்களத்தான் சார் கூப்புடுது” என்று பொன்னி சிரிப்பாள். ஒரே மகள் சுதாவை நாகலூரில் கட்டிக் கொடுத்திருந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் அவள் வாத்தும் வாங்கினாள். கீழே அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்த்துக்கொண்டு வருகிறவர்களிடம் வாங்கி, கூடையில் போட்டு மலையேற்றி, வந்த அன்றே கோழிகளோடு விட்டுவிட்டாள். தனியாக ஒதுக்கி வைத்திருக்கவில்லை. கொஞ்ச நாளில் எனக்குப் போன் வந்தது.

“ஏனுங்க டாக்டரம்மா, கோழியெல்லாம் செத்துச் செத்துக் கெடக்குதுங்க. நேத்து நல்லா இருந்ததுங்க.”

“வாத்து எப்படி இருக்குது பொன்னி?”

“வாத்துக்கு ஒண்ணுமே இல்லீங்க. அது பாட்டுக்குத் தண்ணில கெடக்குதுங்க.”

அந்தப் பதில்தான் எனக்குப் பிடிக்கவில்லை. டாக்டரிடம் சொன்னேன். அவர் குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

அந்த நாட்களில் பக்கத்து மாநிலத்தில் வாத்துகளுக்குப் பறவைக்காய்ச்சல் என்று டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்தது. முழு உடை போட்ட ஆட்கள் பறவைகளைச் சாக்கில் திணிப்பதை ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. கோழி சாகும், வாத்து நிற்கும் என்றால் அது இரண்டில் ஒன்றாக இருக்கலாம். கோழிகளுக்கு வழக்கமாக வருகிற வெள்ளைக்கழிச்சலாக இருந்தால் சாகிறவை போக மிச்சத்தைக் காப்பாற்றலாம். பறவைக்காய்ச்சலாக இருந்தால் பொன்னியின் தோட்டம் மட்டுமல்ல, சுற்றுவட்டாரத்தில் இருக்கிற அத்தனை வீட்டுப் பறவைகளையும் கொன்று புதைக்க வேண்டும். இரண்டிலுமே வாத்து ஒன்றும் தெரியாத மாதிரி நடமாடிக்கொண்டு நோயைப் பரப்பும்.

டாக்டர் அன்று வேலிக்கு வெளியே வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார். கொண்டை கறுத்த கோழிகள் இருந்தன. முகம் வீங்கியது ஒன்று. கழுத்தைத் திருகிக்கொண்டு பின்பக்கமாக நடந்தது ஒன்று. பச்சையும் வெள்ளையுமாகக் கழிசல். ஒன்றைப் பார்த்தால் இந்த நோய் என்று தோன்றியது, இன்னொன்றைப் பார்த்தால் அந்த நோய் என்று தோன்றியது. கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் உள்ளே போய், தொண்டையிலும் பின்புறத்திலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்தோம். செத்ததில் இரண்டை மூன்று உறை போட்டுக் கட்டி ஐஸ் பெட்டிக்குள் வைத்தோம். வாத்துகளிலிருந்தும் எடுத்தோம். பெட்டி அன்றே ஆள் கையில் ஆய்வகத்துக்குப் போனது.

கிளம்பும் முன் டாக்டர் பொன்னியிடம் நிதானமாகச் சொன்னார்: “முடிவு வர்ற வரைக்கும் இங்கிருந்து ஒரு எறகுகூட வெளிய போகக் கூடாதுங்க. முட்டை போகக் கூடாது. எரு போகக் கூடாது. நீங்களும் கோழி இருக்கிற எந்த ஊட்டுக்கும் போகாதீங்க.”

“எல்லாத்தையும் கொன்னுருவீங்களா சார்?”

“இன்னும் தெரியலீங்க.”

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று எனக்குக் கோபமாக வந்தது.

மறுநாள் போனபோது தோட்டத்து முனையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். முன்னால் நின்றவர் பக்கத்துத் தோட்டத்துச் சின்னப்பன். “அந்த வாத்தையெல்லாம் மொதல்ல கொன்னு பொதைங்க சார். வாத்து வந்துதான வினை வந்துச்சு. எங்க கோழியாச்சும் தப்பிக்கட்டும்” என்றார். அவர் கையில் தடி இருந்தது. பொன்னி வாத்துக் கூண்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

டாக்டர் குரலை உயர்த்தவில்லை. “நீங்க உள்ள வந்து ஒண்ண அடிச்சீங்கன்னா, அந்த ரத்தம் உங்க செருப்புல ஒட்டி உங்க ஊட்டுக்குத்தாங்க வரும். உங்க கோழி நல்லா இருக்கோணும்னா இந்த வேலியத் தாண்டாதீங்க” என்றார். சின்னப்பன் தன் செருப்பைக் குனிந்து பார்த்தார். பிறகு இரண்டடி பின்னால் போனார். மற்றவர்களும் போனார்கள்.

அந்த நெருக்கடியில் எனக்கு ஒன்று உடனே உறைக்கவில்லை. பூட்ஸ் மாட்டிக்கொண்டிருக்கும்போதுதான் மனதில் பட்டது. வளைவில் எங்கள் ஜீப் நீளமாக ஹாரன் அடித்திருந்தது. தோட்டத்திலிருந்து பதில் வரவில்லை.

“வான்கோழி எங்க பொன்னி?”

“நரி புடிச்சிருச்சுங்க.” என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

வான்கோழிகளைக் கட்டிப் போடுகிற கொய்யா மரத்தடிக்குப் போனேன். ஒரு இறகுகூட உதிர்ந்து கிடக்கவில்லை. கயிறு முடிச்சு அவிழ்க்கப்பட்டு, மடித்து, கிளையில் தொங்கிக்கொண்டிருந்தது.

“நரி கயித்த அவுத்து மடிச்சு வெச்சுட்டா போச்சு?”

அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். “டி.வி.ல சாக்குல போட்டாங்களேங்க. உசுரோட போட்டாங்க. என் கையில பொறந்ததுங்க அது ரெண்டும். ரெண்டாச்சும் தப்பிக்கட்டும்னு பண்ணிப்போட்டனுங்க.”

“எங்க குடுத்த?”

“சுதா ஊட்டுக்குங்க. அவங்கப்பா மொத பஸ்ஸுல மூடுன கூடையில கொண்டுபோனாருங்க. சம்பந்திகிட்ட இதெல்லாம் சொல்லலீங்க. சும்மா குடுத்தனுப்புனதா சொல்லச் சொன்னேன்.”

சுதாவின் மாமியார் வீட்டில் நாட்டுக்கோழிகள் உண்டு என்பது எனக்குத் தெரியும். நாகலூரில் அந்தத் தெருவில் கோழி இல்லாத வீடே கிடையாது. பஸ்ஸில் அந்தக் கூடை யார் காலடியில் இருந்தது, அங்கிருந்து யார் வீட்டுக்கு என்ன போனது என்று யாருக்குத் தெரியும்?

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் பொன்னியைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. உடனே நாகலூர் கிளம்பலாம் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். “இங்கிருந்து நேரா அங்க போனா நாமளே கொண்டுபோன மாதிரிம்மா. அங்க சீக்கு வரலைன்னாலும் நாம வரவெச்சுருவோம். ஊட்டுக்குப் போய்த் தலைக்குக் குளிங்க. நாளைக்கு வேற துணி, வேற செருப்பு, வேற வண்டி.”

பொன்னி தானும் வருவதாக எழுந்தாள். சம்பந்தியம்மாவின் காலில் விழுந்தாவது சொல்லிவிடுவதாகச் சொன்னாள். அவள் வரக்கூடாது என்பதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, ஜீப் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை.

காலையில் நாகலூர் போனோம். சுதாவின் மாமியார் பெயர் ராஜம்மா. புருஷன் இல்லாமல் தோட்டத்தைக் கட்டிக் காப்பாற்றி மகனை வளர்த்தவர். வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் வேலிக்கு வெளியிலேயே நின்றார். நானும் நின்றேன். பலா மரத்தடியில் வான்கோழிகள் கட்டியிருந்தன. சேவல் இறக்கையைத் தொங்கப்போட்டு நின்றது. அதன் தீனித்தட்டிலேயே வீட்டுக் கோழிகள் கொத்திக்கொண்டிருந்தன. ஒரு இளம் விடைக்கோழி வான்கோழியின் காலடியிலேயே படுத்திருந்தது.

விஷயத்தை நான் சொன்னேன். பாதி சொல்லும்போதே சுதா உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். அவளுக்கும் ஒன்றும் தெரியாது என்பது முகத்தில் எழுதியிருந்தது.  நான் முடித்ததும் ராஜம்மா மிளகு அள்ளிய முறத்தைக் கீழே வைத்தார்.

“சம்பந்தி ஆசையாக் குடுத்தனுப்பிச்சாங்கன்னு ஊரெல்லாம் சொல்லிட்டனுங்க. சீக்கத்தான் குடுத்தனுப்பிச்சாங்களா?”

டாக்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“தெருவுல இருக்கிற கோழியெல்லாம் செத்தா என்னையத்தானங்க கேப்பாங்க?” சுதா பக்கம் திரும்பினார். “அதுங்க ரெண்டையும் எடுத்துக்கிட்டு உங்கம்மா ஊட்டுக்கே போயிரு. இனி இங்க வேண்டாம்.”

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் கோபம் தணிந்துவிடும் என்று நான் நம்பியிருப்பேன். சுதாவின் புருஷன் பின்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான், முன்னால் வரவில்லை. சுதா உள்ளே போய் ஒரு பையோடு வந்தாள்.   இது கோழி வைத்தியத்தில் இல்லாத விஷயம்.

டாக்டர்தான் பேசினார். ஆஸ்பத்திரியில் மருந்துச்சீட்டு எழுதும்போது இருக்கிற அதே குரல். “அந்தப் பொண்ணு போக முடியாதுங்க. இந்த ஊட்டுல இருந்து பறவையும் போகக் கூடாது, பறவையத் தொட்ட ஆளும் கோழி இருக்கிற வேற ஊட்டுக்குப் போகக் கூடாது. அவங்கம்மா ஊட்டுக்குப் போறது கண்டிப்பா ஆகாது. முடிவு வர்ற வரைக்கும் எல்லாரும் இங்கயேதாங்க இருக்கோணும்.”

ராஜம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். “சட்டமுங்களா?”

“ஆமாங்க.”

பொன்னியிடம் சொன்ன அதே விதிதான். அவர் ஒரு வார்த்தைகூடக் கூட்டவில்லை. சுதா பையைக் கீழே வைத்தாள்.

அதன்பின் வந்த நாட்களில் டாக்டர் கொட்டச்சேட்டைப் பார்த்துக்கொண்டார், நான் நாகலூரை. ஒருவர் இன்னொரு இடத்தை மிதிக்கவில்லை. தினமும் காலையில் பொன்னியின் போன் வரும். தன் தோட்டத்தில் எத்தனை போனது என்று சொல்ல மாட்டாள். “அங்க எப்புடிங்க?” என்பாள். நான் சொல்வேன். “சுதா என்ன பண்றாளுங்க?” என்பாள். வேலை செய்கிறாள் என்பேன். போனை வைத்துவிடுவாள். மகளுக்குப் போன் போட்டால் மகள் எடுப்பதில்லை என்று ஒருநாள் சொன்னாள்.

நாகலூரிலும் சாவு தொடங்கியது. முதலில் வான்கோழிச் சேவல். அடுத்து அந்த விடைக்கோழி. குழி எவ்வளவு ஆழம், சுண்ணாம்பு எப்படித் தூவ வேண்டும், குழிக்குப் போன செருப்பை எங்கே விட வேண்டும் என்று சுதாவுக்கு வேலிக்கு வெளியே நின்று சொன்னேன். அவள் ஒரு தடவை கேட்டதை மறுபடி கேட்கவில்லை. குஞ்சுகளை முதலில் பார்த்துத் தீனி போட்டுவிட்டு, சீக்கானதைக் கடைசியில் பார்த்து, கைகால் கழுவிவிட்டு வீட்டுக்குள் போவாள். ராஜம்மா வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். மருமகளோடு பேச்சில்லை. தெருக்காரர்கள் வந்து கேட்டால் மட்டும், “எங்க ஊட்டு வாசலுக்கு வராதீங்க, கோழிய அடைச்சு வைங்க” என்று அதட்டி அனுப்புவார். யார் வீட்டிலிருந்து வந்தது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன்.

ஒருநாள் போனபோது சுதா ஒரு கையில் மண்வெட்டியும் மறு கையில் செத்த கோழியுமாகச் சாக்கு வாயைத் திறக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாள். ராஜம்மா எழுந்து போனார். பேசாமல் சாக்கை விரித்துப் பிடித்தார். கோழி உள்ளே விழுந்ததும் கட்டினார். “செருப்ப அங்கயே உட்டுட்டு வா” என்றார். அவ்வளவுதான் பேச்சு. அடுத்த நாள் குழியை அவர் தோண்டிக்கொண்டிருந்தார், சுதா சுண்ணாம்பு தூவினாள்.

முடிவு வந்த போனை டாக்டர் மருந்தகத்தில் நின்றபடியே கேட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. போனை வைத்துவிட்டு, மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டார்.

“பறவைக்காய்ச்சல் இல்லம்மா. வெள்ளைக்கழிச்சல்.”

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். எதையும் சாக்கில் போட வேண்டாம். தெருத் தெருவாக யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டாம். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. டாக்டர் ஜன்னலருகே போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். அவர் கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது, நான் கேட்கவில்லை.

பிறகு இரண்டு ஊரிலும் சுற்றியிருந்த வீடுகளுக்குப் போய் நோய் தொடாத கோழிகளுக்குக் கண்ணில் சொட்டு மருந்து போட்டோம். சின்னப்பனின் கோழிகள் ஒன்றுகூடப் போகவில்லை. பொன்னியின் கோழிகளில் பாதிக்குமேல் செத்துப்போயின. வாத்துகள் பிழைத்தன. அவற்றை அவள் ஓடைப்பக்கம் தனி வேலிக்குள் மாற்றினாள். அதன்பின் புதிதாக எது வாங்கினாலும் ஒரு மாதமாவது தனியே வைத்துப் பார்த்த பிறகுதான் மற்றவற்றோடு விடுவாள். கோழியையும் வான்கோழியையும் அவள் மறுபடி ஒரே மண்ணில் மேயவிட்டதில்லை. என் இடத்துக்கு வந்த பிள்ளைக்கு நான் சொல்லக்கூடிய பதில் இந்த அளவுக்குத்தான்.

முடிவு வந்த அன்று நாகலூருக்கு நான் தனியாகத்தான் போனேன். ராஜம்மாவும் சுதாவும் கொட்டகையின் பழைய வைக்கோலை வெளியே போட்டு எரித்துக்கொண்டிருந்தார்கள். சொன்னேன். ராஜம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மிச்சமிருந்தவை ஏழெட்டுக் கோழியும் அந்தப் பெட்டை வான்கோழியும்தான். அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அப்ப, ஆளுங்க போலாம் வரலாங்களா?”

“குளிச்சு, துவைச்ச துணி கட்டிக்கிட்டுப் போலாங்க” என்றேன்.

சுதா தீயைக் கிளறுவதை நிறுத்தினாள். தலையை நிமிர்த்தவில்லை. அவள் கொண்டுவந்து வைத்த பை திண்ணையின் மூலையில் இன்னும் அப்படியே இருந்ததா, உள்ளே போய்விட்டதா என்று நான் தேடிப் பார்த்தேன். காணவில்லை.

ராஜம்மா அவள் கையிலிருந்து கம்பை வாங்கிக்கொண்டார். எரியாத வைக்கோலைத் தீக்குள் தள்ளினார். தீயைப் பார்த்தபடியே சொன்னார்:

“போய்க் குளிச்சுட்டுக் கெளம்பு கண்ணு. உங்கம்மா போன் போட்டுப் போட்டு ஓஞ்சு போயிருக்கும். சாயந்திரம் கடைசி பஸ்ஸுக்கு முந்தி வந்துரு.”